பச்சைப் பொத்தானும் என் பின்னூட்டமும்

கீதா போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற அன்று எந்த நாற்காலியிலிருந்து எழுந்தேனோ, அதே நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் அவள். நாமக்கல்லுக்குக் கிழக்கே ஒரு துணை மின் நிலையத்தில் ஆபரேட்டர். "ஐயா, நானும் ஒரு ப்ளாக் ஆரம்பிக்கலாம்னு இருக்கறனுங்க. இப்பெல்லாம் அல்லாரும் வீடியோதான் போடறாங்க, எழுதுனா யாரு படிப்பாங்கன்னு ஊட்டுல சிரிக்கறாங்க. நீங்க எப்படிக் கத்துக்கிட்டீங்கன்னு சொல்லுங்க." நாலு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். காபி ஆறிப்போய், அதன்மேல் ஆடை படிந்தும் எழுதி முடியவில்லை. சரி, முழுவதையும் எழுதிவிடுவோம் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் கீதா: முப்பத்து மூன்று வருடம் மின்சாரத்தோடு இருந்தேன், ஏழு வருடமாக வலைப்பூவோடு இருக்கிறேன். எதில் அதிகம் ஷாக் அடித்தது என்று கேட்டால், இரண்டாவதில்தான்.

வேலையில் சேர்ந்த கதையை நீட்டி முழக்க மாட்டேன். ஐ.டி.ஐ. முடித்தேன். இரண்டு வருடம் உதவியாளனாக ஏணி தூக்கினேன். பயிற்சி என்ற பெயரில் ஒரு வருடம் சீனியர்களுக்கு டீ வாங்கி வந்தேன். கடைசியில் ஷிப்ட் ஆபரேட்டராக உட்கார்ந்தேன். ஆனால் லைன் கிளியர் கொடுக்கும் முறையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். உனக்கு அது தெரியும். இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்குத் தெரியாது. நான் வலைப்பூவில் செய்த பெரிய தப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

லைனில் வேலை செய்யக் கம்பத்தில் ஆள் ஏற வேண்டுமென்றால், ஃபோர்மேன் போன் செய்து லைன் கிளியர், அதாவது கரண்டை நிறுத்தி வேலைக்கு அனுமதி, கேட்பார். நாங்கள் பிரேக்கரைத் திறந்து, லைனைப் பிரித்து, எர்த் செய்து, பூட்டுப் போட்டு, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' பலகையை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். பதிவேட்டில் நம்பரும் நேரமும் எழுதி, எழுதியதைப் போனில் படிப்போம். அடுத்தது இன்னும் முக்கியம். கேட்டதை அவர் அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். எந்த லைன், எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை, எத்தனை ஆள், எல்லாம். அது நாங்கள் எழுதியதோடு ஒத்துப்போன பிறகுதான் ஒருவர் கம்பத்தில் காலை வைக்கலாம். வேலை முடிந்ததும் அவர் மறுபடி கூப்பிட்டு, "ஆள் எல்லாரும் இறங்கியாச்சு, போட்ட எர்த் எடுத்தாச்சு, லைன் சார்ஜ் பண்ணலாம்" என்பார். அதை நாங்கள் திரும்பச் சொல்வோம். வெறும் 'சரி' என்ற சொல்லுக்கு எங்கள் தொழிலில் மதிப்பே கிடையாது.

அப்போது எங்களுக்கு இருந்த உதவிப் பொறியாளர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். எதைச் சொன்னாலும், சொல்லி முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இப்ப நான் என்ன சொன்னேன்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே அவர் பேசும்போது எங்களுக்குக் கண் சிமிட்டவும் தயக்கமாக இருக்கும். நான் ஆபரேட்டராக உட்கார்ந்த மூன்றாம் மாதம், ஒரு முற்பகலில், ஃபோர்மேன் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "சரிங்க, சரிங்க" என்று ரிசீவரை வைத்துவிட்டேன். டீ வந்திருந்தது, அதுதான் காரணம். திரும்பினால் பின்னால் அவர் நிற்கிறார்.

"எந்தக் கம்பம்னு சொன்னார்?"

எனக்குத் தெரியவில்லை.

"மேல எத்தனை பேர்?"

அதுவும் தெரியவில்லை. திட்டு விழும் என்று தலையைக் குனிந்தேன். அவர் தன் சைக்கிள் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "போய்ப் பார்த்துட்டு வா. மேல யார் இருக்கார், பேர் என்ன, எத்தனை குழந்தைங்கன்னு கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லு. அதுவரைக்கும் நான் இங்க உட்கார்ந்துக்கறேன்."

உச்சி வெயிலில் அந்த லைன் போன வழியே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கம்பத்தின் மேலே இருந்தவர் பெயர் கருப்பண்ணன். "மூணு பொண்ணுங்க. கடைசி இப்பத்தான் நடக்குது. ஏஞ்சாமி கேக்கற?" என்று மேலிருந்தே சிரித்தார். திரும்பி வந்து அதிகாரியிடம் அப்படியே ஒப்பித்தேன். "சரி, இனிமே யாருக்கு லைன் கொடுக்கறோம்னு தெரியும்ல" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, முழுவதும் கேட்காமல் நான் ரிசீவரை வைத்ததே இல்லை.

ஓய்வு பெற்ற மறுவாரமே கை நமநமவென்றது. இத்தனை வருடம் மணிக்கு ஒரு தடவை பதிவேட்டில் எழுதிய கை அல்லவா? என் வீட்டுக்காரி சரசு ஒரு நாள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பால்காரரு வந்த நேரத்தையெல்லாம் எதுக்குங்க எழுதி வெக்கறீங்க? எழுதறதுன்னா நாலு பேரு படிக்கற மாதிரி எழுதுங்க" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். இரண்டு நாளில் போனில் தமிழ் தட்டச்சு பழகினேன். மூன்றாம் நாள் 'ஷிப்ட் முடிந்தது' என்று ஒரு வலைப்பூ திறந்தேன். முதல் பதிவுக்கு 'மின்மாற்றிகள் – ஒரு பார்வை' என்று தலைப்பு வைத்து, சிவப்பு எழுத்தில், பத்தியே பிரிக்காமல் வெளியிட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திறந்து பார்த்தேன். அன்று முழுக்க இரண்டே பார்வை. ஒன்று நான், இன்னொன்று சரசு. அவளும் தெரியாமல் கை பட்டுத் திறந்துவிட்டதாகச் சொன்னாள்.

நான்காம் நாள் ஒரு பின்னூட்டம் வந்தது. பின்னூட்டம் என்றால், பதிவுக்குக் கீழே படித்தவர்கள் எழுதும் கருத்து. எழுதியவர் சேலம் ஸ்டெல்லா மேரி. தனியார் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். தன் தெருவையும் சர்ச் பாடற்குழுவையும் கிறிஸ்துமஸ் பலகாரத்தையும் பற்றி எழுதுபவர். அவர் எழுதியிருந்தது இதுதான்: "'ஒரு பார்வை' என்று தலைப்பு வைத்தால் ஒரு பார்வைதான் கிடைக்கும், அண்ணா. இதில் மின்மாற்றி இருக்கிறது, நீங்கள் இல்லை. அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே, அது என்ன சத்தம் போடும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் இந்த அம்மா, என்னிடம் மின்மாற்றியைப் பற்றிக் கேட்க? செருப்பை மாட்டிக்கொண்டு ஊர் எல்லை வரை நடந்தேன். நடக்க நடக்கக் கோபம் எங்கேயோ நழுவி, அந்தக் கேள்வி மட்டும் நின்றுவிட்டது. என்ன சத்தம் போடும்? ஊர் முழுக்க விளக்குப் போடும் நேரத்தில் அதன் ரீங்காரம் கனத்துப்போகும். கோடை மழைக்கு முன்னால் வேறு மாதிரி கரகரக்கும். லைன் டிரிப் ஆகிக் கரண்டு நின்றதும் சட்டென்று ஒரு அமைதி வருமே, அந்த அமைதிதான் எங்களைத் தூக்கிவாரிப் போடும். ஓட்டமாக வீட்டுக்கு வந்து, நின்றபடியே எழுதினேன். 'மின்மாற்றி மூச்சை நிறுத்தும்போது' என்று தலைப்பு வைத்தேன். மறுநாள் மாலைக்குள் நூற்றுப் பதினோரு பேர் படித்திருந்தார்கள். மஸ்கட்டில்கூட ஒருவர். "சரசு, மஸ்கட்டு" என்று கூவினேன். அவள் அடுப்படியிலிருந்து, "ஆருங்க வந்திருக்கறது?" என்றாள்.

ஸ்டெல்லாம்மா ஒரு நாளும் 'அருமை' என்று எழுதியதில்லை. ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி, அவ்வளவுதான். அந்த அறைக் கதவு என்ன நிறம்? அந்த ஃபோர்மேன் கோபம் வந்தால் என்ன செய்வார்? பதில் தேடப் போனால் இன்னொரு பதிவு கிடைக்கும். சிவப்பு எழுத்தை விடச் சொன்னார், விட்டேன். முதல் பத்தியை அழித்துவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கிப் பாருங்கள் என்றார், பார்த்தேன். பத்தில் எட்டு தடவை அவர் சொன்னதுதான் சரி. எங்கள் உதவிப் பொறியாளர் சேலத்தில் சேலை கட்டிக்கொண்டு மறுபடி வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அந்த மின்மாற்றிப் பதிவுக்குத்தான் கெங்கவல்லி கலியமூர்த்தியும் வந்தார். "எங்கள் தோட்டத்து டிரான்ஸ்பார்மரும் மழைக்கு முன்னால் கரகரக்கிறது, ஏன்?" என்று கேட்டிருந்தார். மஞ்சளும் மரவள்ளியும் பாக்கும் வைத்திருந்த விவசாயி. தன் தோட்டத்தைப் பற்றி ஒற்றை விரலால் போனில் தட்டித் தட்டி எழுதுவார். அவருடைய எல்லாப் பதிவிலும் அவர் மனைவி மல்லிகா எங்கேயாவது வந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவார். கலியமூர்த்தி பெரிதாக எதையாவது வர்ணித்து முடித்ததும், "எழுதுனது போதும், மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க என்றாள் மல்லிகா" என்று வரும். அந்த வரிக்காகவே நான் படித்தேன். மூன்று வருடம் அவர் பதிவு ஒன்றையும் நான் விட்டதில்லை, என் பதிவு ஒன்றையும் அவர் விட்டதில்லை. நேரில் பார்த்ததில்லை, போனில் பேசியதில்லை. பேச்செல்லாம் பதிவின் கீழேதான். ஆனாலும் எனக்கு நெருக்கமானவர் யார் என்று கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு ஸ்டெல்லாம்மா சேலத்தில் ஒரு பதிவர் சந்திப்பு வைத்தார். அந்த நாளை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. பதினான்கு பேர் வந்திருந்தோம். முகம் தெரியாது, ஆனால் ஒவ்வொருவர் வீட்டுப் பூனை வரை தெரியும். "நீங்கதான் ஷிப்ட் முடிந்தது பொன்னுசாமியா?" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மூன்று தலைமுறையாகத் தறி போட்டு, இப்போது ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராசிபுரம் முருகேசன் அவர். பனமரத்துப்பட்டி ஏரியில் பறவை பார்த்து எழுதும் ஒருவர், எல்லோருக்கும் தன் படங்களைக் காட்டினார். கலியமூர்த்தி மட்டும் வரவில்லை. அன்று தண்ணீர் பாய்ச்சும் முறையாம்.

சாப்பாட்டின்போது முருகேசன் ஒரு யோசனை சொன்னார். "கல்யாண மொய் மாதிரிங்க. நாம ஒருத்தருக்கொருத்தர் தவறாம பின்னூட்டம் வெக்கோணும். வெச்சா திரும்பி வரும்." எல்லோரும் கை தட்டினோம். நான்தான் பலமாகத் தட்டியது.

ஒரு மாதத்தில் ஆள் சேர்ந்து நாற்பது பேர் ஆனோம். என் பதிவுக்கு மட்டும் நாற்பது பின்னூட்டம். எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் காபியோடு உட்கார்ந்து நாற்பது வலைப்பூவுக்கும் ஒரு சுற்று வருவேன். தலைப்பைப் பார்ப்பேன், படத்தைப் பார்ப்பேன். 'அருமை', 'பிரமாதம்', 'தொடருங்கள்'. அரை மணியில் வேலை முடிந்துவிடும். ஸ்டெல்லாம்மா பதிவுக்கும் 'அருமை' போட்டேன். அவர் கீழேயே, "அதில் வரும் நாயின் பெயர் என்ன, அண்ணா?" என்று கேட்டார். நாய் வருகிறதா என்றே எனக்குத் தெரியாது. சிரிப்பு பொம்மை ஒன்றைப் போட்டுத் தப்பித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கலியமூர்த்தியின் பதிவு வந்தது. பத்துப் பதினைந்து நாளாக அவர் எழுதியிருக்கவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. தலைப்பு 'மல்லிகா'. மேலே ஒரு படம்: மஞ்சள் வயலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிரிக்கும் ஒரு பெண். ஓகோ, கல்யாண நாள் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். "அருமையான பதிவு. ஜோடிப் பொருத்தம் பிரமாதம். இருவரும் இன்னும் பல்லாண்டு இப்படியே சிரித்த முகத்தோடு வாழ வாழ்த்துகள். தொடருங்கள்" என்று எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வலைப்பூவுக்குப் போனேன்.

கால் மணி நேரத்தில் ஸ்டெல்லாம்மா கூப்பிட்டார். அவர் குரல் அப்படித் தழுதழுத்து நான் கேட்டதில்லை.

"அண்ணா, கலியமூர்த்தி சார் பதிவைப் படிச்சீங்களா?"

"பாத்தனுங்கம்மா."

"பாத்தது சரி. படிச்சீங்களா?"

"தலைப்பும் படமும்தானுங்கம்மா."

"அவங்க இறந்து பதினோரு நாள் ஆச்சுண்ணா."

"அழிச்சர்றனுங்கம்மா, இப்பவே அழிச்சர்றேன்" என்றேன். "அழிச்சா, நீக்கப்பட்டதுன்னு அங்க ஒரு வரி நிக்கும். அவருக்கு மின்னஞ்சல்ல ஏற்கெனவே போயிருக்கும். முதல்ல படிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

படிக்கக் கை வரவில்லை. வெட்கமும் பயமும். மூன்று வருடம் ஒரு வரி விடாமல் படித்தவன், அந்த மனிதர் வாழ்க்கையில் படித்தே ஆக வேண்டிய ஒரே பதிவை விட்டுவிட்டேனே. மன்னிப்புக் கேட்டு இன்னொரு பின்னூட்டம் போடலாமா, மின்னஞ்சல் அனுப்பலாமா என்று அல்லாடினேன். எது எழுதினாலும் பொய்யாகத் தெரிந்தது. அப்போதுதான் மேஜைமேல் வைத்த சைக்கிள் சாவி ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வா.

சரசு என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "துக்கம் கேக்கப் போறீங்க. கெளம்பறப்ப வாரேன்னு சொல்லீராதீங்க, பேசாம எந்திரிச்சு வந்திருங்க" என்று மட்டும் சொன்னாள். சாவு வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். பதற்றத்தில் சொல்லிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

எங்கள் ஊர் எருமப்பட்டியில் துறையூர் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் திறந்தேன். ஒவ்வொரு பத்தியாகப் படித்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படித்ததை எனக்கு நானே வாய்க்குள் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன். லைன் கிளியர் மாதிரியே. பக்கத்தில் இருந்தவர் நான் ஏதோ ஸ்லோகம் சொல்வதாக நினைத்து நகர்ந்து இடம் விட்டார். மல்லிகா வாழ வந்த அன்று கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி இருக்குது, பொழைச்சுக்கலாம்" என்றது. பாக்கு மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. தண்ணீர் கேட்டது. அவர் கொண்டு வருவதற்குள் போய்விட்டது. எல்லாவற்றையும் கடந்து கடைசிப் பத்திக்கு வந்தேன். அதை அப்படியே தருகிறேன்:

"கடைசியாக ஒன்று. கிணற்று மோட்டார் பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஓடுகிறது, விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. மல்லிகாவுக்கு மட்டும் ஓடும். என்ன செய்வாள் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் வாட ஆரம்பித்துவிட்டது, அவள் நட்டது. நான் எழுதுவதை ஒன்று விடாமல் படிக்கும் கரண்டு வேலை தெரிந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. படித்தால் அவர் சொல்லுவார்."

அந்த ஓடும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே, சொன்னால் நம்ப மாட்டாய் கீதா, ஒரு துள்ளலும் வந்தது. ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த வியாதி. பொத்தானை விட்ட பிறகும் ஸ்டார்ட்டரை விடாமல் பிடித்து வைத்திருக்க உள்ளே ஒரு சின்னத் தகடு உண்டு. அதில் கரி படிந்தால் இப்படித்தான் ஆகும். கீழே வந்திருந்த பின்னூட்டங்களைப் பார்த்தேன். முப்பத்தெட்டு பேர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதியிருந்தார்கள். மோட்டாரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. மல்லிகாவின் மஞ்சள் அங்கே வாடிக்கொண்டிருக்கிறது. துறையூரில் பஸ் மாறி, தம்மம்பட்டியில் இறங்கியதும் ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன். ஒரு டெஸ்டர், திருப்புளி, உப்புத்தாள் வாங்கிக்கொண்டு கெங்கவல்லி பஸ்ஸைப் பிடித்தேன்.

அங்கே பெயர் சொல்லி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வீட்டில் இருந்த ஒரு அம்மா, "மோட்டார் கொட்டாயில நிக்கிறாரு, காலையிலேருந்து" என்று கை காட்டினார். போனேன். சுவரைப் பார்த்தபடி, ஒல்லியாக, தோளில் துண்டோடு ஒருவர் நின்றிருந்தார். வலது கைக் கட்டைவிரல் பச்சைப் பொத்தானில் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. விரலை எடுத்தால் நின்றுவிடும் என்பதால் அவர் திரும்பக்கூட இல்லை.

"எருமப்பட்டிப் பொன்னுசாமிங்க" என்றேன். "ஷிப்ட் முடிந்தது."

கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப் பின்னூட்டத்தப் போட்டவன் நான்தானுங்க. படிக்காமப் போட்டுட்டனுங்க. படத்தப் பாத்துட்டு, கல்யாண நாளுன்னு நெனச்சிட்டேன்."

அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்ப படிச்சிட்டீங்களா?" என்றார்.

"படிச்சுட்டனுங்க."

"என்னா எழுதியிருக்கேன்?"

எங்கள் அதிகாரி கேட்ட அதே கேள்வி. நின்ற இடத்திலேயே சொல்ல ஆரம்பித்தேன். கிணற்றை எட்டிப் பார்த்ததிலிருந்து, மாட்டுக்குப் பெயர் வைக்க நடந்த சண்டை, பாக்கு மரத்தடி, கடைசியாகக் கேட்ட தண்ணீர், எதையும் விடவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க இடது கை மட்டும்தான் காலியாக இருந்தது. கடைசிப் பத்தியைச் சொல்லி முடித்துவிட்டு, "இப்ப வெரல எடுங்க" என்றேன்.

எடுத்தார். மோட்டார் நின்றது.

மூன்று பியூஸையும் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். "என்ன வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க." அவர் புரியாமல் பார்த்துவிட்டு, "மூணு பியூசும் எங்கையில இருக்குது" என்றார். "நான் சொல்ற வரைக்கும்?" "நீங்க சொல்ற வரைக்கும் மாட்ட மாட்டேன்." டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். நினைத்தது சரி. தகடு கரியாகக் கிடந்தது, ஒரு ஒயரும் லூசு. உப்புத்தாளால் தேய்த்தேன், இறுக்கினேன். மூடும்போதுதான் பச்சைப் பொத்தானின் ஓரத்தில் தேய்ந்துபோன ஒரு தடத்தைப் பார்த்தேன். பெட்டியின் தலையில் ஒரு கொண்டை ஊசி இருந்தது.

"இது யாருதுங்க?"

"மல்லிகாவோடதுதான். அங்கயே வெச்சிட்டுப் போச்சு. எடுக்க மனசு வரல."

ஊசியை எடுத்துப் பொத்தானை அமுக்கி, அந்தத் தடத்தில் செருகிக் காட்டினேன். பொத்தான் அமுங்கினபடியே நின்றது. இது ஆபத்து, கரண்டு போய் வந்தால் மோட்டார் தானாகக் கிளம்பிவிடும். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அன்று எனக்கு அந்த அம்மாவின் சாமர்த்தியம்தான் தெரிந்தது.

கலியமூர்த்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருசமா என் கண்ணு முன்னாடிதான் செஞ்சிருக்குது. அது கை ராசின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு பதிவத்தான் படிக்காம வுட்டீங்க" என்றார்.

ஊசியை அவர் கையில் கொடுத்துவிட்டு, பியூஸை வாங்கி மாட்டினேன். "அமுக்கிட்டு வெரல எடுங்க." அவர் அமுக்கினார். எடுக்கப் பயந்தார். எடுத்தார். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் வெளியே ஓடி வந்து வாய்க்காலைப் பார்த்தோம். தண்ணீர் நுரைத்துக்கொண்டு மஞ்சளுக்குள் போனது. அறுபதைத் தாண்டிய வயதில் வாய்க்கால் கரையில் அதன் கூடவே ஓடினேன், வெட்கமே படவில்லை.

மூன்று மணிக்கு அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சரசு சொன்னபடி ஒன்றும் பேசாமல் எழுந்தேன். வாசல் தாண்டும்போது கூப்பிட்டார்.

"வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க."

"துக்க ஊட்டுல அப்படிச் சொல்லக் கூடாதுங்களே."

"கூடாதுதான். ஆனா நீங்க வரணும்ல."

"வாரனுங்க" என்றேன்.

தம்மம்பட்டிக்கு வரும் வழியில் போன் துடித்தது. அந்தப் பதிவில், என் பின்னூட்டத்துக்குக் கீழே அவர் பதில் எழுதியிருந்தார். "மணி 4.20. மோட்டார் ஓடுகிறது. விரல் எடுத்தாகிவிட்டது. தண்ணீர் கடைசிப் பாத்தி வரை போய்விட்டது. நீங்கள் மேலே எழுதியதை அழிக்க வேண்டாம். எல்லோரும் மல்லிகா போய்விட்டாள் என்று எழுதினார்கள். வாழச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்."

கீதா, நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். இப்போது ஒரு நாளைக்கு மூன்று வலைப்பூவுக்கு மேல் என்னால் போக முடிவதில்லை; முழுவதும் படித்து, ஒரு வரியையாவது திரும்பச் சொல்லாமல் பின்னூட்டம் போடுவதில்லை. முருகேசன் கோபித்துக்கொண்டார், பிறகு அவரும் அப்படியே மாறிவிட்டார். நீ முதல் பதிவைப் போட்டதும் எனக்கு இணைப்பை அனுப்பு. உன் ஆபரேட்டர் அறைக் கதவு இப்போது என்ன நிறம் என்று நான் கேட்பேன். கலியமூர்த்தி பதிவின் கீழே என் வாழ்த்து இன்னும் இருக்கிறது, போய்ப் படித்துப் பார். பதிவை முதலில் படி.